புகார் நோட்டில் மாப்பிள்ளை

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி எங்கள் புகார் நோட்டைப் பிரித்தார். பிராட்பேண்ட் கம்பெனியில் ஒப்பந்த லைன்மேனாக ஆறு வருடம் ஓட்டியாயிற்று. வேலை நிரந்தரமாக அவர் கையெழுத்துதான் பாக்கி. அந்த நோட்டிலோ, 'தொண்டாமுத்தூர்: மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டுப் போயாச்சு' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

கிண்டலை ஆரம்பித்தது நானில்லை. தொண்டாமுத்தூரில் தேங்காய் வியாபாரம் செய்யும் சரசக்கா. யானை தோட்டத்தில் இறங்கிக் கம்பத்தைச் சாய்த்ததில் ஃபைபர் அறுந்துவிட்டது. மூன்றாம் நாள்தான் அறுந்த இழையை ஒட்டி ஸ்ப்ளைஸ் அடிக்கப் போனேன். நல்ல திட்டு விழும் என்று நினைத்தேன்.

"ஏனுங்க தம்பி, உங்க இன்டர்நெட்டு புது மாப்பிள்ளையாட்டம் இருக்குதுங்க. முழுசா ஒரு நாள் இருக்கறதில்லை, அதுக்குள்ள கோவிச்சுட்டுப் போயிருது" என்றார். அவ்வளவுதான் திட்டு.

இதை ஆபீஸில் சொன்னேன், பிடித்துக்கொண்டார்கள். வேகம் குறைந்தால் மாப்பிள்ளை முறுக்கு. சரியானால் விருந்துக்கு வந்தாச்சு. நாங்கள் போன வீடுகளுக்கெல்லாம் அந்தப் பேரும் கூடவே போனது. உடுமலைப்பேட்டைக்காரர்கள் மட்டும் 'டவுன் பஸ்' என்று தனியாக வைத்துக்கொண்டார்கள். எப்போது வரும் என்று கேட்கக் கூடாதாம். சொல்லிச் சொல்லிப் பழகிக் கடைசியில் நோட்டிலும் எழுதிவிட்டேன்.

யார் எழுதியது என்று அதிகாரி கேட்டார். நான்தான் என்றேன்.

"எங்கம்மா பல்லடத்துல இருக்கறாங்க. அவங்களும் மாப்பிள்ளைன்னுதானுங்க சொல்றாங்க" என்றார், சிரிக்காமல். பிறகு வேறொரு நாளின் புகார்களில் ஒரு வரியில் விரலை வைத்தார். "இந்த வீட்டுக்காரங்க மட்டும் வெறும் 'நெட் இல்லை'ன்னு சொல்லியிருக்கறாங்க. அன்னைக்குக் கடைசியா வந்த புகாரு. இங்க எதுக்கு மொதல்ல போனீங்க?"

"கிண்டல் பண்றவங்க பொறுத்துக்குவாங்க சார். இவங்க எப்பவும் கிண்டல் பண்றவங்க. அன்னைக்குப் பண்ணலைங்க."

அவர் என் ஃபைலை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து, ஒரு டீயை முழுசாக உட்கார்ந்து குடித்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நம் லைனுக்குப் பட்டப்பேர் வைத்துக் கூப்பிடுகிறவர் நம்மை விட்டுப் போகமாட்டார். அவரே ஒரு நாள் "நெட் இல்லீங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தால், வண்டியை முதலில் அங்கே விடுங்கள். நோட்டில் மட்டும் 'இணைப்பு துண்டிப்பு' என்றே எழுதுங்கள். எல்லா அதிகாரிக்கும் பல்லடத்தில் அம்மா இருக்கமாட்டார்.