கறுத்த டேப்

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் 'பொறுமை' என்று பட்டப்பெயர். அவளோடு பதினைந்து வருடம் ஒரே அறையில் படுத்து எழுந்தவள் நான். என்னைக் கேட்டிருந்தால் வேறு பெயர் சொல்லியிருப்பேன். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவளைக் குறை சொல்ல எனக்கே வாய் வராது.

அவளுடைய வேலை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சன்னல் இல்லாத ஓர் அறையில். ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, எண்ணி, பச்சைத் துணியில் மடித்துக் கட்டி, ஆள் உயர நீராவி மெஷினுக்குள் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு டேப் ஒட்டுவார்கள். அதிலுள்ள வெளிறிய கோடுகள் நீராவி பட்டால் கறுத்துவிடும். மேலே ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவர்கள் அந்தக் கோடுகளை மட்டும்தான் பார்ப்பார்கள். கறுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கலாம். இருபத்திரண்டு வருடமாக அந்த நம்பிக்கைக்கு அக்காதான் பொறுப்பு.

ஒருநாள் மதியம் மெஷின் வேறு கட்டுகளோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சின்னக் கட்டு கேட்டு தியேட்டரிலிருந்து மூன்றாவது முறையாக போன் வந்தது. கட்டு மேசைமேல் மடித்துத் தயாராக இருந்தது, ஆனால் நீராவியில் போய் வரவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் நாலு வசவு விழுந்திருக்கும், அவ்வளவுதான். அன்று பார்த்துப் பொறுமைக்குப் பொறுமை போய்விட்டது. பழைய கட்டிலிருந்து உரித்த கறுத்த டேப் ஒன்று மேசை ஓரத்தில் கிடந்தது. அதை எடுத்து இதன் மேல் ஒட்டி அனுப்பிவிட்டாள்.

மேலே படுத்திருந்தவர் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. முழங்காலில் ஆபரேஷன். பத்தாம் நாள் சீழ் பிடித்தது. இரண்டு முறை மறுபடி திறந்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, கால்தான் மடங்கவில்லை. குந்தி உட்கார முடியாத ஆளுக்கு டைல்ஸ் வேலை ஏது? சர்க்கரை இருந்தது, வீட்டில் ஈரம் பட்டிருக்கும் என்று டாக்டர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அக்காவின் அறைப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அவளுக்குத் திடீரென்று ஞானம் முற்றியது மட்டும்தான் தெரியும். விடிவதற்கு முன் கண்ணை மூடி உட்கார்ந்தாள். வாரத்தில் ஒருநாள் பட்டினி கிடந்தாள். போதாததற்கு, வாரம் மூன்று நாள் யாரோ ஒரு மேஸ்திரி வீட்டுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு வந்தாள். சொர்க்கத்தில் எனக்கும் ஒரு துண்டு போட்டு இடம் பிடித்து வை என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஏழு மாதம் இப்படியே போனது. ஒருநாள் பஞ்சும் மருந்தும் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மேஸ்திரி, அக்காவைப் பற்றி என்னிடம் புகழ்ந்து தள்ளினார்.

"நான் என்ன பாவம் பண்ணேனோ, இந்தக் கால் இப்படி ஆயிடுச்சு. ஆனா கூடவே ஏதோ புண்ணியமும் பண்ணியிருக்கணும். இல்லேன்னா சிஸ்டர் எனக்குக் கெடைச்சிருப்பாங்களா?"

அக்காவின் கை பாதியில் நின்றது. முடிச்சை எப்படியோ போட்டுவிட்டு வெளியே வந்தவள், பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எனக்கு முதலில் வந்தது அவர்மேல் இரக்கம் இல்லை, இவளுக்கு என்ன ஆகுமோ என்ற பயம்தான். ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம், அந்தக் கருவிக் கட்டால்தான் சீழ் பிடித்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, வாயை மூடிக்கொண்டு இரு என்றேன்.

"டாக்டர் சொன்ன காரணமாவே இருக்கட்டும். டேப்பை ஒட்டுனது நான்தானே?" என்றாள். பஞ்சுப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "தியானம், பட்டினி, அவருக்குக் கட்டு மாத்துறது, எல்லாமே கறுத்த டேப்புதான்டி. மேல ஒட்டி ஒட்டி வச்சிருக்கேன். உள்ள இருக்கறது இன்னும் வேகவே இல்ல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பகலிலேயே வீடு திரும்பினாள். மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டாளாம். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம். அடுத்த வேலையாக மேஸ்திரி வீட்டுக்குக் கிளம்பினாள். அந்த மனிதர் கை ஓங்கிவிடுவாரோ என்று பயந்து நானும் ஓடினேன்.

கட்டிலின் அருகில் உட்காராமல், நின்றபடியே அக்கா சொன்னாள். அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அன்று என்ன செய்தாள் என்பதை மட்டும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஏழு மாதமும் இதற்காகத்தான் வந்துபோனேன் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

மேஸ்திரி தன் முழங்காலைப் பார்த்தார்.

"அப்போ நான் எதுவும் பண்ணலையா?" என்று கேட்டார். "எந்தப் பாவத்துக்கு இதுன்னு தினமும் தேடிட்டிருந்தேன். சின்ன வயசுல எங்கண்ணனை அடிச்சது வரைக்கும் தேடிட்டேன்."

நீங்கள் எதுவும் செய்யவில்லை என்பதுபோல் அக்கா தலையை ஆட்டினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். அவளை வாயை மூடச் சொன்ன வெட்கம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இன்னிக்குக் கட்டை மாத்திட்டுப் போங்க. இனிமே வர வேணாம்" என்றார் மேஸ்திரி.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து, கடையில் வாங்கிய புதுப் பஞ்சு உறையைக் கிழிக்கப் போனாள். அவர் கையை நீட்டி அதை வாங்கினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பினார். ஓரம் பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார்.

"சுத்தமானதுதானே?"

ஏழு மாதத்தில் ஒரு நாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை. சுத்தமானதுதான் என்றாள் அக்கா. அவர் மறுபடியும் உறையைத் திருப்பிப் பார்த்தார். அக்கா கைகளை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி, அவர் திருப்பித் தரும்வரை நின்றாள்.