குரோஷிய வாக்கியங்களோடு கட்டுகஸ்தோட்டைக்கு

நிரோஷாவுக்கு அந்த இடம் கிடைக்கும் என்று போன தைப்பொங்கலுக்கே சொல்லிவிட்டேன். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. இப்போது கடிதம் வந்துவிட்டது: குரோஷியாவில் இரண்டு வருட மேற்படிப்பு. அதற்கு வழிவகுத்த புசல்லாவை–கண்டிப் பயணத்தை, பிள்ளைகளின் தேர்வுக்குத் துணை போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நிரோஷா என் தங்கச்சி மகள். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி படிக்கிறாள். குரோஷிய மொழியின் சின்ன வாக்கியங்களைக் கணினி தானாகவே பிரித்து, யார் செய்தார், எதைச் செய்தார் என்று காட்ட வேண்டும். அதுதான் அவள் வேலை. அந்த மொழி எனக்குப் புதிதல்ல. உலகக் கோப்பைக் கால்பந்தில் அவர்கள் ஆடிப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேருக்குப் பெயர் ‘இச்’ என்று முடியும்.

தேர்வு வியாழக்கிழமை. புசல்லாவையில் காலை 5.40 பஸ். கண்டிக்கு 38 கிலோமீட்டர், 170 ரூபாய். சாரதி என்னைக் கண்டதும் முன் இருக்கையைத் துடைத்துக் கொடுத்தார். கம்பளையில் பத்து நிமிடம் நின்று, 7.25க்குக் கண்டி.

பஸ் நிலையத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் நிரோஷா காத்திருந்தாள். இஞ்சி பிளேன்டீ வந்ததும் மடிக்கணினியைத் திறந்து ‘மரியா பியே சாய்’ என்று அடித்தாள். மரியா தேநீர் குடிக்கிறாள். குடிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து மரியாவுக்கு ஒரு கோடு, தேநீருக்கு ஒரு கோடு விழுந்தது. சொற்களை முன்பின்னாக மாற்றிப் போட்டாலும் குடித்தது மரியாதான் என்று கணினி கண்டுபிடித்தது. அங்கேயும் தேநீருக்குச் சாய்தான் என்றதும் அந்த நாட்டின் மேல் எனக்கொரு பிரியம் வந்துவிட்டது.

நூறு வாக்கியத்தில் 96 சரியாம். எண்பதைத் தாண்டினால்தான் ஆசிரியை சிபாரிசு எழுதுவார். சிபாரிசு இல்லையென்றால் குரோஷியா இல்லை.

இருபத்தேழு வருடம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசடியில் நின்றவன் நான். நிறுத்த கொழுந்தே பின்பக்கமாகச் சுற்றி மறுபடி தராசுக்கு வந்தால் எடை கூடத்தான் கூடும். அதனால் கேட்டேன்: “சொல்லிக் குடுத்த வாக்கியத்தையே திரும்பப் பரீட்சைக்கும் வச்சிட்டியா புள்ள?”

நிரோஷா கணினிக்குச் சொல்லிக் கொடுத்த பட்டியலையும் பரீட்சைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எண்பத்தொரு வாக்கியங்கள் இரண்டிலும் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டுக் கணினி காணாத புதிய வாக்கியங்களைப் போட்டு மறுபடி ஓட்டினாள். 71.

அங்கிருந்து கல்லூரிக்கு ஆட்டோ, ஐந்து கிலோமீட்டர், 600 ரூபாய். மகியாவையில் வாகன நெரிசல். “மகள் ஏன் அழுவுறாங்க, அண்ணன்?” என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். பரீட்சை என்றேன். அதற்குப் பிறகு அவர் ஹோர்ன் அடிக்கவே இல்லை.

10.15க்கு அவளைக் கூப்பிட்டார்கள். நான் தாழ்வாரத்து யன்னலில் நின்றேன். இரண்டு எண்களையும் பலகையில் எழுதி, முதலாவது ஏன் பிழை என்று அவளே விளக்கினாள். சிங்கள ஆசிரியை இரண்டு எண்களையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை நிரோஷா எனக்குத் தமிழில் சொன்னாள்: தொண்ணூற்றாறை மட்டும் காட்டியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன், மூன்று மாதம் தருகிறேன், புதிய வாக்கியங்களிலேயே எண்பதைத் தாண்டிக் காட்டு.

83 எடுத்தாள். சிபாரிசு போனது.

போகிறவர்களுக்கு: 5.40 பஸ்ஸை விட்டால் பள்ளிக்கூட நெரிசலில் மாட்டுவீர்கள். அந்தத் தேநீர்க் கடையில் ஒரே ஒரு பிளக்தான், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில். முதலாளியிடம் கேட்டுவிட்டுச் செருகுங்கள். கண்டியில் குடை இல்லாமல் இறங்காதீர்கள்.

இன்னொன்று. இதை நிரோஷாவும் வாசிப்பாள் என்பதால் எழுத வேண்டியிருக்கிறது. தேநீர்க் கடையில் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. பட்டியலில் பிழையைக் கண்டது அவள்தான். நான் சொன்னது வேறு: “பேசாம இரு புள்ள, யாருக்குத் தெரியப் போவுது.”

“குரோஷியா போனா எல்லாமே புது வாக்கியமாத்தான் இருக்கும் மாமா,” என்று சொல்லிவிட்டு, மறுபடி ஓட்டும் பொத்தானை அழுத்தினாள்.