ஜெமிமாவைத் தூக்கப் பயந்த இருபத்து மூன்று நாட்கள்

ஜெமிமா பிறந்த ஆறாவது வாரம் அது தொடங்கியது. ஒரு சனிக்கிழமை காலை மீன் வாங்கத் தேக்கா சந்தைக்குப் போயிருந்தேன். பிள்ளை என் மார்போடு கட்டிய பையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் அரைக் கிலோ வஞ்சிரமும் ஒரு கட்டுக் கீரையும்தான். திரும்பும்போது படிக்கட்டில் பத்துப் படி ஏறியிருப்பேன். மூச்சு அடைத்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மக்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இங்கேயே மயங்கி விழுந்தால் இவள் எனக்கு அடியில் மாட்டிக்கொள்வாளே என்ற ஒரு நினைப்புத்தான் அப்போது இருந்தது.

என் பெயர் எஸ்தர். சொந்த ஊர் தூத்துக்குடி. என் கணவர் ஆல்பர்ட் இங்கே சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். நான் பாலர் பள்ளி ஆசிரியை. ஆங் மோ கியோவில் ஏழாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு. அதுவரை ஒரு காய்ச்சலுக்குக்கூட நான் ஒழுங்காக மருத்துவரைப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனபின், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பாலிகிளினிக் என்கிற பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். மருத்துவர் ஒரு சின்னப் பெண், தமிழ் பேசினார். என் நெஞ்சில் கருவியை வைத்து நெடுநேரம் கேட்டார். முதுகிலும் வைத்துக் கேட்டார்.

“ஹார்ட்ல ஒரு கூடுதல் சத்தம் கேக்குது. வால்வ் லீக்கா இருக்கலாம். எக்கோன்னு ஒரு ஹார்ட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாதான் தெரியும்” என்றார். இசிஜியும் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். அவற்றில் ஒன்றும் இல்லை. “கால் வீங்கினாலோ, படுத்தா மூச்சு முட்டினாலோ காத்திருக்காதீங்க, உடனே எமர்ஜென்சி போயிடுங்க” என்று சொல்லி, இதய மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தார். ஐந்து வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது.

அன்று மாலை ஆல்பர்ட் கேட்டார். “டாக்டர் என்ன சொன்னாங்க?”

“ஒண்ணுமில்ல. எல்லாம் நார்மல்” என்றேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கப்பலில் உயரத்தில் நின்று வேலை பார்ப்பவர், மனசு கலைந்தால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். வாயால் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்றும் பயந்தேன்.

கைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். அறுவை சிகிச்சை என்றது ஒன்று. பிரசவத்துக்குப் பிறகு இதயமே பலவீனமாகிவிடும் என்றது இன்னொன்று. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு என் கணுக்காலை அழுத்திப் பார்ப்பேன். வீங்கியிருக்கிறதா? காலையில் இல்லை. மாலையில் இருப்பதுபோல் தெரியும். மணிக்கட்டில் விரலை வைத்து நாடியை எண்ணுவேன். எண்ண எண்ண அது இன்னும் வேகமாக ஓடும்.

பிள்ளையைத் தூக்குவதையே நிறுத்திவிட்டேன். தூக்கிக்கொண்டு நிற்கும்போது விழுந்துவிட்டால்? தரையில் மெத்தையைப் போட்டு, அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன். அவள் அழுதால் பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுத்தேன். அவளோ தூக்கச் சொல்லி இன்னும் வீறிட்டாள். வீடியோ அழைப்பில் பார்த்த என் அம்மா, “என்னட்டி, பிள்ளைய எடுக்கவே மாட்டேங்க?” என்று கேட்டார். இடுப்பு வலி என்று அதற்கும் ஒரு பொய்.

ஜெபம் செய்தேனா என்றால், செய்தேன். ஆனால் அது பேரம். “ஆண்டவரே, இந்தக் கசிவை அடைத்துவிடும், நான் உபவாசம் இருக்கிறேன்.” “ஆண்டவரே, இவள் பள்ளிக்கூடம் போகிறவரையாவது என்னை விட்டுவையும்.” கேட்டு முடித்ததும் மறுபடி விரல் மணிக்கட்டுக்குப் போய்விடும்.

மருத்துவரைப் பார்த்தபின் வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் எழுந்து பாடும்போது என்னால் நிற்க முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். ஆல்பர்ட் பாடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். வெளியே வந்ததும் பேருந்து நிறுத்தத்தில் கேட்டார்.

“எஸ்தர், உண்மைய சொல்லு. என்னாச்சு உனக்கு?”

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேருந்துகள் போய்விட்டன. அவர் திட்டவில்லை. “இத்தன நாளா தனியாவா பயந்துட்டு இருந்த?” என்று மட்டும் கேட்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் கணவர் வாய்விட்டு ஜெபிக்கிறவர் இல்லை. சபைக்கு வருவார், பின் வரிசையில் உட்காருவார், போய்விடுவார். அன்றைக்கு அந்தப் பேருந்து நிறுத்தத்தில், நாலு பேர் பார்க்க, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “ஆண்டவரே, எங்களுக்கு ஒண்ணும் தெரியல. காத்திருக்கவும் முடியல. சீக்கிரமா ஒரு பதில் சொல்லுங்க.” அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். ஒருவர் வரவில்லையாம், இடம் காலியாக இருக்கிறதாம். இன்று இரண்டு மணிக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். வருகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் பிள்ளை நினைவு வந்தது. ஆல்பர்ட்டை அழைத்தேன். கப்பலில் ஏறிவிட்டால் கைபேசி வைத்துக்கொள்ள முடியாது. எடுக்கவில்லை. செய்தி அனுப்பிவைத்தேன்.

பக்கத்து வீட்டில் ஹசீனா அக்கா இருந்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் தள்ளுவண்டி நடைபாதையை அடைக்கிறது என்று அவர் சொல்ல, நான் வெடுக்கென்று பதில் சொல்லி, அதிலிருந்து இரண்டு மாதமாகப் பேச்சில்லை. வேறு வழியில்லாமல் அவர் கதவைத் தட்டினேன். “அக்கா, எனக்கு ஹார்ட்ல...” என்று ஆரம்பித்து அழுதுவிட்டேன்.

“அட, அழாத லா. பிள்ளைய கொண்டா. பால் எடுத்து வச்சிருக்கியா?” என்றார். “பஸ்ல எல்லாம் போகாத, டாக்சி கூப்பிடு. நானும் உனக்கு துஆ கேக்குறேன்.”

எக்கோ அறை மங்கலாக, குளிராக இருந்தது. இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொன்னார்கள். கருவியை அழுத்திய பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சிவப்பும் நீலமும் பளிச்சிட்டன. ஒரே இடத்தில் நிறுத்தி, அளந்து, மறுபடி அளந்தார். ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். எந்த ஜெபமும் நினைவுக்கு வரவில்லை. “பிள்ளை, பிள்ளை” என்று மட்டும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ரத்தமும் எடுத்தார்கள்.

மருத்துவர் நடுத்தர வயதுக்காரர். என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். “மைட்ரல் வால்வுல லேசா ஒரு லீக் இருக்கு. மைல்ட்தான். ஹார்ட் நல்லா பம்ப் பண்ணுது.”

“நான் செத்துடுவேனா டாக்டர்?”

“இந்த அளவு லீக்கோட எத்தனையோ பேர் தெரியாமலே நடமாடுறாங்க. இப்ப ஆபரேஷன் வேண்டாம், இதுக்கு மருந்தும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுங்க.”

“அப்ப ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

திரையைப் பார்த்தார். “ரத்தம் ரொம்ப கம்மி. ஹீமோகுளோபின் பன்னெண்டாவது இருக்கணும், ஏழரைதான் இருக்கு. அதான் ஹார்ட் ஓடி ஓடி வேலை செய்யுது. பிரசவத்துக்கு அப்புறம் குடுத்த அயர்ன் மாத்திரை சாப்பிட்டீங்களா?”

இல்லை என்றேன். வயிற்றைப் பிரட்டுகிறது என்று இரண்டாவது வாரமே அதை நிறுத்தியிருந்தேன். அலமாரியில் பெட்டி அப்படியே இருந்தது. உபவாசம் இருக்கிறேன் என்று ஆண்டவரிடம் பேரம் பேசினேனே தவிர, மாத்திரையைச் சாப்பிடவில்லை.

“ஊசி வழியா ஏத்திக்கலாம், வயித்துக்குத் தொந்தரவு இல்ல” என்றார். கடைசியாக ஒன்று கேட்டேன். “பிள்ளைய தூக்கலாமா?”

“தாராளமா தூக்குங்க.”

வீட்டுக்கு வந்தபோது ஜெமிமா ஹசீனா அக்கா தோளில் இருந்தாள். வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். இருபத்து மூன்று நாள். கனத்துப் போயிருந்தாள். அவளைச் சுமந்துகொண்டு அந்த நடைபாதையில் மேலும் கீழும் நடந்தேன். நிற்க மனமே வரவில்லை. ஆல்பர்ட் வேலை உடுப்போடு மின்தூக்கியிலிருந்து ஓடிவந்தார். நாங்கள் இருவரும் அங்கேயே நின்று ஸ்தோத்திரம் சொன்னோம்.

அன்பான சகோதரிகளே, நான் கேட்டபடி அந்தக் கசிவு மறைந்துவிடவில்லை. அதை மறைக்காமல் உங்களுக்குச் சொல்ல வேண்டும். போன மாதம் மறுபடி பார்த்தார்கள். அதே அளவில் இருக்கிறது, கூடவில்லை. அடுத்த பிள்ளைக்கு யோசித்தால் முன்கூட்டியே வந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். சில நாட்கள் நெஞ்சு வேகமாக அடித்தால் பழைய பயம் எட்டிப் பார்க்கிறது. அப்போது நான் நாடியை எண்ணுவதில்லை. ஆல்பர்ட்டிடம் சொல்கிறேன். அவர் ஜெபிக்கிறார், இப்போது வாய்விட்டு, ஆமெனும் சொல்லி. எங்களுக்குள் பொய் இல்லை.

நாங்கள் கேட்டது ஒரு பதில். ஆண்டவர் இரண்டே நாளில் கொடுத்தார். கூடவே, நான் கேட்காத ஒரு அக்காவையும் கொடுத்தார்.

இங்கே கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் யாருக்காவது மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா? களைப்பு என்று மூடி வைக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள். மருத்துவரிடம் போங்கள். கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுங்கள். அவ்வளவையும் செய்துகொண்டே ஆண்டவரை நம்புங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன். உங்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பேன். உள்ளே உங்களோடு அவர் இருப்பார்.