சுனில் மாமா அனுப்பிய படம்

ஓசூர் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணின் செல்போனில் ஒரு பழைய சிங்களப் பாட்டு ஓடியது. முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அது அம்மா எனக்காகத் தானே கட்டிய தாலாட்டின் மெட்டு.

இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, அப்பாவின் சிங்கள நண்பர் சுனில் மாமா ஞாயிறுதோறும் கிட்டாரோடு வருவார். "இன்னொருக்கா பாடுங்க அக்கா" என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அந்த மெட்டை வாசித்துப் பழகினார். பிறகு இரு நாட்டு ஒப்பந்தப்படி எங்களை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். காவேரிப்பட்டினத்தில் குடியேறினோம்.

அறுபத்தெட்டில் ஒரு காலை, அப்பா ரேடியோவில் சிலோன் சிங்கள ஒலிபரப்பைத் திருப்பினார். அம்மாவின் மெட்டு வந்தது. கேழ்வரகு மாவு ஒட்டிய கையோடு அம்மா ஓடிவந்தாள். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் ஏதோ சொன்னார்.

"என்னங்க சொல்றாரு?"

அப்பா தயங்கினார். "பாட்டும் மெட்டும் சுனிலோடதாம்."

"நான் போட்ட மெட்டுன்னு சொல்லலியா?"

"இல்ல."

அப்பா அன்றே சுனில் மாமாவுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு மாதம் கழித்து ஒரு உறை வந்தது. உள்ளே சுனில் மாமாவின் புகைப்படம் மட்டும் இருந்தது. பின்பக்கம் சிங்களத்தில் எழுதியிருந்ததை அப்பா படித்துச் சொன்னார்: "இந்திய ரசிகருக்கு, அன்புடன்."

அடுத்த வருஷம் பிறந்த தம்பியை அம்மா பாட்டே இல்லாமல் தட்டித் தூங்கவைத்தாள்.