பச்சை வயர்

விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு வீட்டுக்கு ஏழு வருஷத்துக்கு முன்னால் கண்ணாடி சுவிட்சுகள் மாட்டினேன். விரல் பட்டால் எரியும், போனிலிருந்தும் போடலாம். வீட்டுக்காரர் மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டைக் கட்டியது கனடாவில் இருக்கும் அவர் மகன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் பனியன், சென்னையில் அபார்ட்மெண்ட் வயரிங், கொஞ்ச நாள் மஸ்கட் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கேயும் ஒரு வருஷம் முழுசாகத் தங்கியதில்லை.

போன சித்திரையில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு வேலைக்கு வந்திருந்தபோது அந்த வீட்டுப் பெரியவர் யாரிடமோ நம்பர் வாங்கிக் கூப்பிட்டார்.

"ஏலே, நீ மாட்டுன சுவிட்சுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு. வந்து என்னன்னு பாரு. என் மவன் எனக்குத்தான் கிறுக்குங்கான்."

போனேன். அவர் மனைவி முந்தின ஐப்பசியில் இறந்துபோயிருந்தார். பெரியவர் தனியாக இருந்தார். மாசியிலிருந்து விளக்குகள் தாமாக எரிவதும் அணைவதுமாக இருந்திருக்கின்றன. எந்த விளக்கு எத்தனை மணிக்கு எரிந்தது என்று மகனுக்குப் போனில் பட்டியல் போகும். மத்தியானம் பாத்ரூம் விளக்கைப் பத்து தடவை போட்டு அணைக்கிற மனுஷனைப் பற்றி அவன் என்ன நினைப்பான்? அப்பாவுக்கு நினைவு தப்புகிறது என்று முடிவு செய்து, கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்துவிட்டான்.

"ஃப்ரிட்ஜைத் தொட்டா கை சுருக்குங்குன்னு சொன்னேன். அதையும் வியாதில சேத்துட்டான். பத்து நாள்ல வாரான், என்னக் கூட்டிட்டுப் போக. கோளாறு சுவிட்சுலதான்னு அதுக்குள்ள காட்டணும். காட்டிருவியா?"

"காட்டிரலாம் அண்ணாச்சி" என்றேன். அப்படி நம்பித்தான் சொன்னேன்.

சுவிட்சு செய்த கம்பெனியை மூடி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இரண்டு சர்க்யூட் பலகைகளில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தது. வயதாகிவிட்டது என்று புதிதாக வைத்துப் பற்றவைத்தேன். எல்லாவற்றையும் ரீசெட் செய்து, போனோடு மறுபடி சேர்த்தேன். இரண்டு நாள் ஒழுங்காக எரிந்தன. மூன்றாம் நாள் காலை நான் ஏணியில் நிற்கும்போதே ஹால் விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது.

"பாத்தியா! பாத்தியாலே! நான் இங்கன சேர்லல்லா உக்காந்திருக்கேன்!" பெரியவர் கையைத் தட்டினார். தன் வீட்டு மின்சாரம் கெட்டுப்போனதற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷனை நான் பார்த்ததில்லை. பிறகு யோசித்துச் சொன்னார்: "ஒண்ணு கவனிச்சேன். மழை பெஞ்சா ரெண்டு நாள் அடங்கிக் கெடக்கு."

நான் வந்த அன்று சாயங்காலம் கோடை மழை பெய்திருந்தது. என் கெப்பாசிட்டரால் ஒன்றும் ஆகவில்லை. மீட்டர் வைத்துப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. இருந்தாலும் வைத்தேன். மின்சாரம் வரும் ஃபேஸ் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே இருநூற்று முப்பது காட்ட வேண்டிய இடத்தில் முள் தொண்ணூறில் தடுமாறியது.

இந்த மாதிரி சுவிட்சு உயிரோடு இருக்க அதற்கே எப்போதும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் திரும்பிப் போக நியூட்ரல் வயர் வேண்டும். நம் ஊர்ப்பக்க வீடுகளில் சுவிட்சுப் பெட்டிக்கு நியூட்ரல் வராது, அது நேராக விளக்குக்குப் போய்விடும். நான் மாட்ட வந்தபோது சுவரெல்லாம் பூசி, பெயிண்ட் அடித்து முடித்திருந்தார்கள். மூன்று நாளில் பால்காய்ப்பு, குடியேறப் போகிறார்கள். பெட்டிக்குள் பச்சை வயர் ஒன்று சும்மா இருந்தது. எர்த் வயர், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க மட்டும் உள்ளது. அதையே நியூட்ரலாகக் கட்டினேன். எல்லாரும் அப்படித்தான் செய்தோம். எரியவும் செய்யும். கசிவு வந்தால் விழுந்து காட்டிக்கொடுக்கிற ட்ரிப்பர் அந்த வீட்டில் இல்லை.

பின்பக்கம் துவைகல் பக்கத்தில் எர்த் குழி இருந்தது. உப்பும் கரியும் போட்டுக் குழாயைப் புதைத்திருப்பார்கள். ஈரம் இருந்தால்தான் அது வேலை செய்யும். போய்ப் பார்த்தேன். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஓரத்தில் ஒரு கொடியின் காய்ந்த குச்சி.

"அது பிச்சிப்பூக் கொடி. அரிசி களைஞ்ச தண்ணி, பாத்திரம் கழுவுன தண்ணி எல்லாம் எங்க வீட்டுக்காரி அதுக்குத்தான் ஊத்துவா. இப்ப ஏது அரிசி? சோறு மெஸ்ஸுலேருந்துல்லா வருது" என்றார் பெரியவர்.

அத்தனை வருஷமும் அந்தம்மா ஊற்றிய தண்ணீரில்தான் என் வேலை ஓடியிருக்கிறது.

இரண்டு வாளி ஊற்றினேன். அரை மணி நேரத்தில் வீடு முழுக்க அடங்கியது. தினமும் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் ஃப்ரிட்ஜில் சுருக்கென்றது வியாதி இல்லை. குழி காய்ந்தால் அந்த மின்சாரம் போக வழியில்லாமல் எர்த்தோடு சேர்ந்த ஃப்ரிட்ஜின் இரும்பு உடம்பில்தான் வந்து நிற்கும்.

"சுவிட்சு கோளாறு இல்ல அண்ணாச்சி. நான் கட்டுன கட்டு தப்பு."

"எனக்குக் கோளாறு இல்லல்லா?"

"இல்ல."

"அப்ப அத அவன்ட்ட சொல்லு."

மகனைப் போனில் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். பச்சை வயர், குழி, பிச்சிக்கொடி எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்போ ஷாக் அடிக்கிறதா அப்பா சொன்னது நெசம்?"

"நெசந்தான்."

"ஆளு செத்திருக்கலாமா?"

"இருக்கலாம்."

"இந்த மாதிரி எத்தனை வீட்ல கட்டிருக்கீங்க?"

நான் ஸ்பீக்கரைப் போட்டு போனைப் பெரியவர் பக்கம் நீட்டினேன். அவன் அப்பாவைக் கூப்பிட்டான். "அப்பா, உங்க ஞாபகம் நல்லாவே இருக்கட்டும். இந்த வீட்ல உங்கள எப்படி விட்டு வைக்கது? ஞாபகம் போறதவிட இது மோசம்."

"வயர மாத்திருவான்லே."

"யாரு? அவரா?"

பெரியவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். என்மேல் அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டீ குடிக்கியா?" என்று கேட்டார்.

மிச்ச நாள்களில் எல்லாப் பெட்டியிலும் பச்சை வயரைப் பிரித்து, புதிதாக எர்த் குழி தோண்டி, ட்ரிப்பர் வைத்து, கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு சாதாரண சுவிட்சுகளை மாட்டினேன். மகன் வந்தான். ஃப்ரிட்ஜைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "வேண்டாம்" என்றான். காரில் பெட்டிகள் ஏறிய பிறகு பெரியவர் அறை அறையாகப் போய் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். "அடுக்களை அணைச்சாச்சு. பாத்ரூம் அணைச்சாச்சு. பாத்துக்கிட்டியா?" என்று மகனிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவன் வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எத்தனை வீடு என்று அவன் கேட்டதற்குப் பதில் பதினொன்று. அதில் முக்கூடலிலும் அம்பையிலும் நாலு வீடுகளைத் தேடிப் பிடித்து மாற்றிக் கொடுத்தேன். ஒரு வீட்டில் கேட் திறக்கவில்லை. மிச்சம் எந்தத் தெருவென்றே நினைவில் இல்லை.

ஆவணியில் பெரியவர் கோயம்புத்தூர் இல்லத்திலிருந்து ஒரு தடவை கூப்பிட்டார். சாப்பாடு பரவாயில்லை, டிவி இருக்கிறது என்றார். வேலை எங்கே என்று விசாரித்தார். போனை வைக்கும்போது சொன்னார்: "இங்கன ரூமுக்குள்ள சுவிட்சே கெடையாதுலே. எல்லாம் வெளிய வராண்டால இருக்கு. அவுகளே போடுதாக, அவுகளே அணைக்காக."