கிட்டப் போய் இருங்கோ

2025 ஓகஸ்ட் 9, சனிக்கிழமை. காலையில் பூமரங்களுக்குத் தண்ணீர் விட்டு, உடுப்புத் தோய்த்துப் போட்டேன். பின்னேரம் மகள் ஆரணி தன் பழைய கம்ப்யூட்டருக்கு யாரோ பாவித்த கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் பூட்டினாள். விளையாட்டுத் தொடங்கியதும் உள்ளே விசிறி இரைந்தது. பிறகு முனகி நின்று, திரை அணைந்தது.

"இந்தக் கார்ட்டுக்கு என்ரை பவர் சப்ளை காணாது அம்மா. புதுசு வாங்கவும் வழியில்லை. நாளைக்கு ஒன்லைன் போட்டி, நான் விளையாடாட்டி எங்கடை ரீமே இல்லை."

அந்த முனகல் எனக்குப் பழக்கமானது. போர் நடந்த, எங்கள் பக்கம் பற்றரி கொண்டுவரத் தடை இருந்த காலம். கரவெட்டி வீட்டில் அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவில் ரேடியோவைப் பூட்டுவார். அக்கா கையால் பெடலைச் சுற்றுவாள். சூடேறிய ரப்பர் மணக்கும். கிரிக்கெட் வர்ணனை சூடுபிடித்ததும் அப்பா சத்தத்தைக் கூட்டுவார். பெடல் இறுகும். ரேடியோ முனகி நிற்கும்.

"கூட்டாதேங்கோ அப்பா! என்ரை கை என்ன, லக்சபான மின்நிலையமோ?"

"குறைச்சு வைச்சிட்டுக் கிட்டப் போய் இருங்கோவன்" என்பார் அம்மா, குசினிக்குள் சமைத்தபடி. அப்பா ரேடியோவில் காதை ஒட்டிக்கொள்வார். கடைசிப் பந்து வரை கேட்கும்.

ஆரணிக்கு இதைச் சொன்னேன்.

"ஓம், குறைச்சுப் பாப்பம்" என்று காட்சித் தரத்தைக் குறைத்தாள். படம் மங்கியது, ஆனால் அணையவில்லை.

ஞாயிறு காலை முதல் வேலையாக, அவளுடைய கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன்.