தட்டைத் தலை மூன்று

எந்த வண்டியைச் சோதிக்கப் போனாலும் நாரிஸ் டிரான்டர் முதலில் நம்பரைப் பார்க்க மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைப்பார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஹேண்டில்பாருக்குக் கீழே சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தைத் துடைப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு எண்ணின் பள்ளத்திலும் நகத்தை ஓட்டுவார். பழைய நம்பரை அராவிவிட்டுப் புதிதாக அடித்திருந்தால் நகம் சறுக்குமாம். அதற்கப்புறம்தான் கண்ணாடி, டார்ச் எல்லாம்.

இங்கிலாந்தில், வுல்வர்ஹாம்ப்டனில் உள்ள எங்கள் பழைய மோட்டார் சைக்கிள் சங்கக் கிளையில், ஒரு வண்டி அசல்தான் என்று கையெழுத்துப் போடும் உரிமை இந்த ரிட்டயர்டு பஸ் டிரைவருக்குத்தான் இருந்தது. ஆனால் அவருடைய சொந்த வண்டியில் மட்டும் நம்பர் இருந்த இடத்தில் கறுப்புப் பெயின்ட் தார் மாதிரி அப்பிக் கிடந்தது. அங்கே அவர் நகம் பட்டு யாரும் பார்த்ததில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். வண்டியை அவருக்கு விற்றது சொந்தத் தம்பி லென். வாங்கிய கோடையில், பப் வாசலில் பழைய ஃபாக்டரி ஆள் ஒருவர் குனிந்து சேசிஸ் நம்பரைப் பார்த்துவிட்டு, "இந்த மூணோட தலை தட்டையா இருக்கே! நம்ம ஃபாக்டரியில வளைஞ்ச மூணுதான் அடிப்பாங்க. தம்பி உன் தலையில கட்டிட்டான்யா" என்று சிரித்தார். நாரிஸ் மறுநாளே பெயின்ட் அடித்தார். லென்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டார். அம்மாவின் அடக்கத்தன்றுகூட சர்ச்சில் ஆளுக்கொரு மூலையில்தான் உட்கார்ந்தார்களாம்.

போன வசந்தத்தில் சங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. கையெழுத்துப் போடுகிறவர்களின் வண்டியை இனி வேறு கிளை ஆள் வந்து சோதிக்க வேண்டும். ஸ்டோக் கிளையிலிருந்து ஹேசல் பாக்னல் வருவதாக ஏற்பாடு. சங்கப் பத்திரிகைக்குக் குறிப்பெடுக்க நானும் போயிருந்தேன்.

அன்று காலை நாரிஸ் உட்காரவே இல்லை. ஜன்னலுக்குப் போனார், கராஜுக்குப் போனார், திரும்பி வந்து ஆறிப்போன டீயைத் தொட்டுப் பார்த்தார்.

"உக்காரேன் நாரிஸ். பிரசவ வார்டுக்கு வெளியே நிக்கற மாதிரி நிக்கற" என்றார் அவர் மனைவி கிளெனிஸ். "டூப்ளிகேட்டுன்னு சொன்னாத்தான் என்ன? ஓடுதுல்ல?"

"டூப்ளிகேட்டுன்னா நான் நிம்மதியா தூங்குவேன். அசல்னு சொல்லிட்டா, லென்னுகிட்ட..." முடிக்காமல் மறுபடி கராஜுக்குப் போய்விட்டார்.

ஹேசல் வந்து குனிந்தவுடனே, "இது என்ன வண்டியா, கப்பலா? எத்தனை கோட்டு பெயின்ட் அடிச்சிருக்க!" என்றார். பெயின்ட் கரைக்கும் மருந்தைத் தடவிச் சுரண்டினார். தூங்குகிறவர் முகத்திலிருந்து போர்வை விலகுவதுபோல எண்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"தட்டைத் தலை மூணு. அசல்ப்பா."

"ஃபாக்டரியில வளைஞ்சதுதான்..."

"இந்த வண்டி செஞ்ச குளிர்காலத்துல, மூணு அடிக்கற அச்சு உடைஞ்சுபோச்சு. கிடைச்சதை வெச்சு ஒப்பேத்தினாங்க. எங்க கிளையிலயே இதே மாதிரி ரெண்டு இருக்கு. அராவின தடமே இல்ல, நீயே பாரேன்."

நாரிஸ் கண்ணாடியைக் கழற்றினார். கட்டைவிரலை நாக்கில் தொட்டார். கண்ணை மூடி நகத்தை ஓட்டினார். அது எங்கேயும் சறுக்கவில்லை. என்றைக்கு வேண்டுமானாலும் அவர் இதைச் செய்திருக்கலாம்.

ஹெல்மெட்டை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்ட? சாண்ட்விச் போட்டிருக்கேன்" என்றார் கிளெனிஸ்.

"டட்லிக்கு. லென்னைப் பாக்க."

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார். "வீட்ல ஆள் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, துணியை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

இலையுதிர் காலத்தில் வேறொரு வேலையாக டட்லி போனபோது லென்னைச் சந்தித்தேன். அன்று அவர் வீட்டில்தான் இருந்திருக்கிறார். தான் ஓட்டிய வண்டியின் சத்தம் அவருக்குத் தெரியாதா? அது தெருமுனை வரை வந்தது, போனது, மறுபடி வந்தது. அவர் கெட்டிலைப் போட்டு, இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு, வாசல் கதவைத் திறந்தாராம். கதவு திறந்ததும் வண்டி வேகமெடுத்துப் போய்விட்டதாம்.